பாவனை விளையாட்டு

பாவனை விளையாட்டு என்பது ஒரு பொருளை வேறொரு பொருளாகவோ, தன்னை வேறோர் ஆளாகவோ, இல்லாத ஒன்றை இருப்பதாகவோ வைத்துக்கொண்டு குழந்தைகள் ஆடும் விளையாட்டு ஆகும். கொட்டாங்குச்சியில் ஈரமணலை நிரப்பி இட்லி அவிப்பது, குச்சியைப் பிரம்பாகக் கொண்டு சுவருக்குப் பாடம் நடத்துவது, நாற்காலிகளை வரிசையாக அடுக்கிப் பேருந்து ஓட்டுவது ஆகியன இதற்கு எடுத்துக்காட்டுகள். இவ்விளையாட்டு பொதுவாக ஒன்றேகால் முதல் ஒன்றரை வயதை ஒட்டித் தொடங்குகிறது; 3 முதல் 6 வயது வரையான காலத்தில் உச்சம் அடைகிறது; அதன் பின்னர் படிப்படியாகக் குறைகிறது.

குழந்தை வளர்ச்சி உளவியலில் மிகுதியாக ஆராயப்பட்ட விளையாட்டு வகைகளுள் இதுவும் ஒன்று. சிந்தனை, மொழி, தன்னடக்கம், பிறர் மனத்தை அறிதல் ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு உண்டு என்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் பாவனை விளையாட்டுதான் இத்திறன்களை வளர்க்கிறதா, அல்லது இத்திறன்கள் வளர்ந்ததால்தான் குழந்தை பாவனை செய்கிறதா என்பதில் ஆய்வாளரிடையே இன்னும் ஒத்த கருத்து ஏற்படவில்லை. மழலையர் பள்ளியின் நேரத்தை எழுத்துப் பயிற்சிக்கு ஒதுக்குவதா, விளையாட்டுக்கு ஒதுக்குவதா என்ற முடிவு ஓரளவு இக்கேள்வியைச் சார்ந்தே உள்ளது.

வரையறை

பாண்டி, கிளித்தட்டு, பல்லாங்குழி போன்றவை விதிகளால் அமைந்த ஆட்டங்கள். ஓடுதல், தாவுதல், ஊஞ்சலாடுதல் ஆகியன உடல் விளையாட்டுகள். பாவனை விளையாட்டில் விதியோ உடல் அசைவோ முதன்மையானது அன்று. இருப்பது ஒன்று, கருதுவது மற்றொன்று என்ற இரட்டை நிலையே அதன் அடையாளம். பிரித்தானிய உளவியலாளர் ஆலன் லெசுலி இதனை மூன்று வடிவங்களாகப் பிரித்தார். முதலாவது பொருள் மாற்றீடு. வாழைப்பழத்தைத் தொலைபேசியாகக் கொள்வது அவர் தந்த எடுத்துக்காட்டு. இரண்டாவது இல்லாத பண்பை ஏற்றிக் கூறுவது. பொம்மையின் முகம் அழுக்காக இருக்கிறது என்று துடைப்பது இவ்வகை. மூன்றாவது இல்லாத பொருளை இருப்பதாகக் கொள்வது. வெறுங்கிண்ணத்தில் இருந்து பால் குடிப்பதை இதற்குச் சான்றாகக் கூறலாம்.

பாவனை என்பது பிழையான நம்பிக்கையும் அன்று, பொய்யும் அன்று. மணல் இட்லியைக் குழந்தை வாயருகே கொண்டு சென்று மெல்லுவதுபோல் ஓசை எழுப்புமே தவிர, பெரும்பாலும் தின்றுவிடுவதில்லை. எதிரே இருப்பவரை ஏமாற்றவும் அது முயல்வதில்லை. அவரும் தன்னுடன் சேர்ந்து உண்ண வேண்டும் என்றே எதிர்பார்க்கிறது. இது விளையாட்டு என்பதைச் சிரிப்பு, மிகைப்படுத்திய அசைவு, ஓசை முதலிய குறிப்புகள் உணர்த்துகின்றன. மானிடவியலாளர் கிரகரி பேட்சன் 1955 இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், விளையாடும் உயிர்கள் 'இது விளையாட்டு' என்னும் செய்தியையும் ஒன்றுக்கொன்று பரிமாறிக்கொள்ள வேண்டியுள்ளது என்று சுட்டிக்காட்டினார். விலங்குக் காட்சிசாலையில் குரங்குகள் சண்டையிடுவதுபோல் விளையாடியதைக் கண்டதே அவரது சிந்தனைக்குத் தூண்டுகோலாக இருந்தது. தாய்மார் தின்பண்டத்தை உண்மையாகவே உண்ணும்போதும், உண்பதுபோல் பாவனை செய்யும்போதும் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதை ஆஞ்சலின் லில்லார்டு, டேவிடு விதரிங்டன் ஆகியோர் 2004 இல் ஒப்பிட்டனர். பாவனையின்போது தாய்மார் மிகுதியாகப் புன்னகை செய்ததையும், குழந்தையின் முகத்தை நீண்ட நேரம் நோக்கியதையும் அவர்கள் பதிவு செய்துள்ளனர்.

வளர்ச்சிப் படிநிலைகள்

முதலில் தோன்றும் பாவனை குழந்தையின் சொந்த உடலைச் சார்ந்தே இருக்கும். வெற்றுக் குவளையைத் தன் வாயில் வைத்துக் குடிக்கும். கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடக்கும். சுவிட்சர்லாந்து நாட்டு உளவியலாளர் ஜீன் பியாஜே, தம் மகள் ஒரு வயது மூன்று மாதம் ஆகியிருந்தபோது நிகழ்ந்ததைக் குறித்து வைத்துள்ளார். ஓரத்தில் குஞ்சம் வைத்த ஒரு துணியைக் கண்ட அக்குழந்தைக்குத் தன் தலையணையின் நினைவு வந்தது. துணியைப் பற்றிக்கொண்டு, கட்டைவிரலைச் சூப்பியபடி படுத்துக்கொண்டது. அதே வேளையில் சிரிக்கவும் செய்தது. அந்தச் சிரிப்பே இது உறக்கம் அன்று, விளையாட்டு என்பதற்கான சான்று.

அடுத்து, செயல் பிறரை நோக்கித் திரும்புகிறது. குழந்தை பொம்மைக்கு ஊட்டுகிறது. தாயின் தலையைச் சீவிவிடுகிறது. இரண்டு வயதை ஒட்டிப் பொம்மையே செயல்படத் தொடங்குகிறது. இதுவரை ஊட்டப்பட்ட பொம்மை இப்போது தானே கரண்டியைப் பிடித்து உண்கிறது, அழுகிறது, அடம்பிடிக்கிறது. ஊட்டுதல், வாய் துடைத்தல், தூங்கவைத்தல் எனத் தனிச்செயல்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டுச் சிறு கதையாக மாறுவதும் இக்காலத்திலேயே.

பயன்படுத்தும் பொருள் உண்மைப் பொருளை எந்த அளவு ஒத்திருக்க வேண்டும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் கிரேட்டா ஃபைன் 1975 இல் ஆராய்ந்தார். இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளிடம் பொம்மைக் குதிரையும் கிண்ணமும் தந்து குதிரைக்கு ஊட்டச் சொன்னபோது, ஏறத்தாழ அனைவரும் அவ்வாறே செய்தனர். குதிரை, கிண்ணம் இவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கு ஈடாக அதனை அவ்வளவாக ஒத்திராத பொருளைத் தந்தபோதும் பலரால் செய்ய முடிந்தது. இரண்டையும் ஒருசேர மாற்றியபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே ஊட்டினர். இவ்வயதில் பாவனைக்கு ஓர் ஊன்றுகோல் தேவைப்படுகிறது என்பது இதனால் புலப்படுகிறது. நான்கு வயதில் அந்த ஊன்றுகோல் வேண்டியதில்லை. வெறும் விரலே பல்துலக்கி ஆகும், காற்றே கடைச்சரக்கு ஆகும்.

மூன்று வயதுக்குப் பின் பாத்திரமேற்று விளையாடுதல் வலுப்பெறுகிறது. அப்பா அம்மா விளையாட்டு, கடை விளையாட்டு, டீச்சர் விளையாட்டு, மருத்துவர் விளையாட்டு ஆகியன உலகின் பல பகுதிகளில் சிற்சில மாற்றங்களுடன் காணப்படுபவை. இவற்றைச் சமூக நாடக விளையாட்டு என்றும் கூறுவர். சிலர் கண்ணுக்குத் தெரியாத கற்பனைத் தோழரையும் உருவாக்கிக்கொள்கின்றனர். மார்ஜரி டெய்லரும் அவருடைய குழுவினரும் 2004 இல் வெளியிட்ட ஆய்வில், 7 வயதுக்குள் 65 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு அத்தகைய தோழர் ஏதேனும் ஒரு காலத்தில் இருந்தமை தெரியவந்தது. உயிருள்ளதாகக் கருதிப் பேசப்பட்ட பொம்மைகளும் இக்கணக்கில் அடங்கும். எனவே குழந்தை தனியே பேசிக்கொண்டிருந்தால் பெற்றோர் அச்சம் கொள்ள வேண்டியதில்லை.

பள்ளிப் பருவத்தில் இவ்விளையாட்டு மறைந்துவிடுவதாகத் தோன்றினாலும், வெளியே ஆடியது உள்ளே செல்கிறது எனக் கருதுவோர் உண்டு. பகற்கனவு, கதை வாசிப்பு, நாடகம் ஆகியவற்றை அதன் தொடர்ச்சியாக அவர்கள் காண்கின்றனர்.

பியாஜேயும் வைகாட்ஸ்கியும்

பியாஜே 1945 இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட, குழந்தையிடம் குறியீடு உருவாவது பற்றிய நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. அறிவு வளர்ச்சி இரு செயல்களின் சமநிலையால் நிகழ்கிறது என்பது அவர் கொள்கை. உலகத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வது ஒன்று. உலகைத் தன் விருப்பத்துக்கு ஏற்ப வளைத்துக்கொள்வது மற்றொன்று. பாவனை விளையாட்டில் இரண்டாவது மேலோங்கி நிற்கிறது. ஆகவே அது குழந்தையின் சிந்தனை எந்நிலையில் உள்ளது என்பதைக் காட்டுகிறதே அன்றி, புதிய அறிவைத் தருவதில் அதன் பங்கு சிறிது என்று அவர் கருதினார். தருக்கச் சிந்தனை வளர வளர இது தேய்ந்து மறையும் என்பது அவரது முடிவு.

உருசிய உளவியலாளர் லேவ் வைகாட்ஸ்கியின் கருத்து ஏறத்தாழ இதற்கு நேர்மாறானது. அவர் 1933 இல் லெனின்கிராடில் ஆற்றிய உரை, அவர் 1934 இல் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1966 இல்தான் அச்சேறியது. சிறு குழந்தைக்குப் பொருளும் அதன் கருத்தும் ஒட்டியே இருக்கின்றன. குதிரை என்ற கருத்தை உண்மைக் குதிரையிடமிருந்து பிரித்தெடுக்க அதற்கு ஒரு பற்றுக்கோடு வேண்டும். இரு கால்களுக்கிடையே வைத்து ஓடத்தக்க ஒரு குச்சி அந்தப் பற்றுக்கோடாகிறது. தீக்குச்சியோ அஞ்சலட்டையோ அவ்வாறு குதிரை ஆகிவிட முடியாது. ஏறி ஓட்டும் செயல் அவற்றுடன் பொருந்தவில்லை. பிற்காலத்தில் சொல்லை மட்டுமே கொண்டு சிந்திக்கும் ஆற்றலுக்கு இக்குச்சி ஒரு பாலம் என்பது வைகாட்ஸ்கியின் விளக்கம்.

விளையாட்டு கட்டற்றது என்ற பொதுக்கருத்தையும் அவர் மறுத்தார். மருத்துவராக ஆடும் குழந்தை மருத்துவருக்குரிய ஒழுங்கின்படியே நடக்க வேண்டும். ஊசி போட ஆசை இருந்தாலும் முதலில் நாடி பார்க்க வேண்டும். நோயாளி வரும்வரை காத்திருக்க வேண்டும். எனவே கணநேர ஆசையை அடக்குதல் விளையாட்டின் உள்ளேயே நிகழ்கிறது. அவ்வாறு அடக்குவதே இன்பமாகவும் இருக்கிறது. உண்மையில் அக்காள் தங்கையரான இருவர், அக்காள் தங்கை விளையாட்டு விளையாடினால் என்ன ஆகும் என்பதையும் அவர் ஆராய்ந்தார். அன்றாட வாழ்வில் எண்ணிப் பாராமல் நடந்துகொள்ளும் அவர்கள், விளையாட்டில் ஒரே மாதிரி உடுத்தியும் கைகோத்து நடந்தும் அந்த உறவின் விதி எது என்பதை வெளிப்படையாக்குகின்றனர்.

வைகாட்ஸ்கியின் வழிவந்தோர் இக்கருத்தைச் சோதித்துப் பார்த்தனர். 1948 இல் மனுயிலென்கோ செய்த சோதனையில், அசையாமல் நில் என்று கூறப்பட்ட குழந்தைகளைவிட, விளையாட்டில் காவற்காரராக நின்ற குழந்தைகள் மிக நீண்ட நேரம் அசையாமல் நின்றனர். அதே ஆண்டில் இசுதோமினா, பாடம்போல் சொல்லப்பட்ட சொற்களைவிடக் கடை விளையாட்டில் வாங்கிவரச் சொன்ன பொருட்களின் பெயர்களைக் குழந்தைகள் மிகுதியாக நினைவில் வைத்திருந்ததாக அறிவித்தார். இரண்டாவது முடிவு இன்றும் பாடநூல்களில் அப்படியே எடுத்தாளப்படுகிறது. ஆனால் 1986 இல் வைசுபர்க், பாரிசு ஆகிய இருவர் அச்சோதனையை மீண்டும் செய்தபோது, விளையாட்டைவிடப் பாடச்சூழலிலேயே குழந்தைகளின் நினைவு மேம்பட்டிருந்தது. இதனையும் சேர்த்தே மாணவர் அறிந்திருத்தல் நல்லது.

மொழியும் பாவனையும்

கூடி விளையாடும் குழந்தைகளின் பேச்சைக் கவனித்தால் இரு தளங்கள் தெரியும். ஒன்று பாத்திரமாக நின்று பேசுவது. மற்றது பாத்திரத்துக்கு வெளியே நின்று கதையை ஏற்பாடு செய்வது. யார் எவர், இது என்ன, அடுத்து என்ன நடக்க வேண்டும் என்ற பேரத்திலேயே விளையாட்டு நேரத்தின் கணிசமான பங்கு கழிந்துவிடும். சில நாட்களில் பேரம் முடிவதற்குள் அம்மா கூப்பிட்டு விடுவார்.

தமிழ்க் குழந்தைகள் இவ்விரு தளங்களையும் ஒரே ஓர் ஒட்டினால் பிரித்துக் காட்டுகின்றனர். "நான் டாக்டராம், நீ நோயாளியாம். உனக்குக் காய்ச்சலாம். இப்ப நான் ஊசி போடுறேனாம்." இங்கு வரும் 'ஆம்' என்பது, "நாளைக்கு மழை வருமாம்" என்பதுபோல் பிறர் சொல்லக் கேட்ட செய்தியைக் குறிக்கப் பெரியவர்கள் பயன்படுத்தும் அதே ஒட்டு. கதை சொல்லும்போதும் இதுவே வருகிறது. கூற்றுக்குத் தான் பொறுப்பேற்காமல் வேறோர் உலகத்தின் செய்தியாக அதனை நிறுத்துவதற்கு இவ்வொட்டு உதவுகிறது. ஏற்பாடு முடிந்து ஆட்டம் தொடங்கியதும் 'ஆம்' நின்றுவிடும். நோயாளி நேரடியாக "டாக்டர், தலை வலிக்குது" என்பார். பிணக்கு ஏற்பட்டால் மீண்டும் 'ஆம்' வரும். இரண்டு, மூன்று நிமிடங்களுக்குள் பலமுறை இவ்வாறு உள்ளேயும் வெளியேயும் சென்றுவருவதை எந்தத் திண்ணையிலும் காணலாம். பிற மொழிகளில் இதே வேலையை வேறு இலக்கணக் கூறுகள் செய்கின்றன. பிரெஞ்சுக் குழந்தைகள் இறந்தகால வினைவடிவத்தை இதற்குப் பயன்படுத்துகின்றனர். 'நீ அப்பாவாக இருந்தாய்' என்பது அவர்களிடையே 'நீ அப்பாவாம்' என்று பொருள்படும்.

பாத்திரத்துக்கு ஏற்பப் பேச்சு நடையை மாற்றுவதும் குறிப்பிடத்தக்கது. வீட்டில் எல்லோரையும் ஒருமையில் அழைக்கும் நான்கு வயதுக் குழந்தை, கடைக்காரராக அமர்ந்ததும் "வாங்க அக்கா, என்ன வேணும்?" என்று கேட்கும், ஆசிரியராக நின்றதும் "பேசாதே, கையைக் கட்டு" என்று அதட்டும். எலைன் ஆண்டர்சன் 1990 இல் வெளியிட்ட நூலில், கைப்பாவைகளை வைத்து விளையாடிய ஆங்கிலம் பேசும் குழந்தைகள் தந்தை, தாய், மருத்துவர், செவிலியர் ஆகியோருக்கு வெவ்வேறு பேச்சு நடைகளைத் தந்தமையை விரிவாகக் காட்டியுள்ளார். யார் கட்டளை இடலாம், யார் வேண்டிக்கொள்ள வேண்டும் என்ற சமூக ஒழுங்கைக் குழந்தைகள் எவ்வளவு கூர்மையாகக் கவனித்துள்ளனர் என்பதை இது உணர்த்துகிறது. பெரியவர்களுக்கு இது எப்போதும் பெருமை தருவதாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

தமிழ் இலக்கியத்தில்

பாவனை விளையாட்டு பற்றிய பழைய பதிவுகள் தமிழில் செறிவாக உள்ளன. சங்க இலக்கியத்தில் மணலால் கட்டும் விளையாட்டு வீடு சிற்றில் என்றும், அதில் சமைப்பதாகக் கொள்ளும் உணவு சிறுசோறு என்றும் வழங்கப்பட்டது. அகநானூற்றின் 110 ஆம் பாடலில், கடற்கரையில் பெண்கள் சிற்றில் இழைத்துச் சிறுசோறு குவித்து விளையாடி இளைப்பாறுகின்றனர். அவ்வழியே வந்த ஒருவன், விருந்துண்டு இச்சிற்றூரில் தங்கினால் என்ன என்று வினவுகிறான். கலித்தொகையின் 51 ஆம் பாடலில், தெருவில் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைத்த குறும்புக்காரச் சிறுவனின் நினைவு வருகிறது. நற்றிணையின் 172 ஆம் பாடல் வேறு விதமானது. விளையாட்டாக மணலில் அழுத்திய புன்னை விதை முளைத்துவிடவே, பெண்கள் அதற்கு நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கின்றனர். தாயோ அம்மரம் உங்கள் தங்கை என்கிறாள். வளர்ந்த பின்னும் அம்மரத்தின் அடியில் காதலனோடு பேச அப்பெண் நாணுகிறாள். விளையாட்டில் ஏற்றுக்கொண்ட உறவு விளையாட்டு முடிந்த பின்னும் நிலைத்திருப்பதை இதைவிட நயமாகக் கூறுவது அரிது. பட்டினப்பாலையில் குதிரை பூட்டாமல் சிறுவர் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேர் குறிப்பிடப்படுகிறது.

சங்கப் பாடல்களில் வரும் பெண்கள் பெரும்பாலும் மழலைப் பருவத்தைக் கடந்தவர்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சிறு குழந்தைகளுக்கு நெருக்கமான சான்று பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் ஆகும். அதன் பத்துப் பருவங்களுள் முதல் ஏழு இருபாலருக்கும் பொது. செங்கீரை, சப்பாணி, வருகை என உடல் அசைவின் வளர்ச்சியைத் தொடர்ந்து, ஏழாவதான அம்புலிப் பருவத்தில் நிலவைக் குழந்தையோடு விளையாட வருமாறு அழைப்பர். இங்கு பாவனை செய்வது குழந்தை அன்று. பெரியவரே குழந்தைக்காகப் பாவனை செய்கிறார். இறுதி மூன்று பருவங்களாக ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியன அமைகின்றன. பெண்பாலுக்கு அம்மானை, ஊசல் முதலியன வரும். சிற்றில் பருவத்தில் பெண்பிள்ளைகள் வீடு கட்டுகின்றனர். ஆண்பிள்ளை அதனைச் சிதைக்க வருகிறான். விளையாட்டிலும் ஆண், பெண் எனப் பங்கு பிரித்தே வைத்திருந்தனர் என்பது வெளிப்படை.

விளையாட்டுப் பொருட்களில் செப்புச் சாமானும் மரப்பாச்சியும் இம்மரபைச் சேர்ந்தவை. மரப்பாச்சிப் பொம்மைக்கு நுணுக்கமான முகபாவம் கிடையாது. அழுவதாகவும் சிரிப்பதாகவும் அதனை ஆக்குவது முழுக்கக் குழந்தையின் வேலை.

பிறர் மனத்தை அறிதல்

1987 இல் லெசுலி வெளியிட்ட கட்டுரை இத்துறையில் ஒரு புதிய விவாதத்தைத் தொடங்கிவைத்தது. தாய் வாழைப்பழத்தைக் காதில் வைத்து 'ஹலோ' என்று கூறுவதைக் காணும் குழந்தை, வாழைப்பழம் பற்றித் தான் கற்றதைக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது எவ்வாறு? தாய் அதனைத் தொலைபேசியாகப் பாவிக்கிறாள் என்று, அதாவது அவள் மனநிலையைப் பற்றியதாகக் குழந்தை அதனைப் புரிந்துகொள்வதாலேயே என்பது லெசுலியின் விடை. அவ்வாறாயின் பிறருக்கும் மனம் உண்டு என்னும் அறிவின் முதல் தோற்றம் பாவனையே ஆகும். அவர் செய்த மற்றொரு சோதனையில், இரண்டு வெற்றுக் கிண்ணங்களில் தேநீர் ஊற்றுவதாகப் பாவனை செய்து, ஒன்றை மட்டும் கவிழ்த்து உதறி, எது காலியாக உள்ளது என்று கேட்டனர். உண்மையில் இரண்டுமே காலி. இரண்டு வயதைக் கடந்த குழந்தைகள் கவிழ்த்ததையே காட்டினர்.

ஆஞ்சலின் லில்லார்டு இதனை மறுத்தார். 1993 இல் அவர் நான்கு வயதுக் குழந்தைகளிடம் ஒரு பொம்மையைக் காட்டி, இவன் கங்காருவைப் போல் குதிக்கிறான், ஆனால் கங்காரு என்றால் என்ன என்பதே இவனுக்குத் தெரியாது என்றார். இவன் கங்காருவாகப் பாவனை செய்கிறானா என்று கேட்டபோது, பெரும்பாலோர் ஆம் என்றனர். பாவனையைக் குழந்தைகள் மனத்தின் செயலாகக் காணவில்லை, உடலின் செயலாகவே காண்கின்றனர் என்று இதிலிருந்து அவர் வாதிட்டார். விவாதம் இன்னும் முடியவில்லை.

நடைமுறைப் பயன் மற்றொரு பக்கத்திலிருந்து வந்தது. மதியிறுக்கம் உடைய குழந்தைகளிடம் தானாக எழும் பாவனை விளையாட்டு குறைவாகவோ திரும்பத் திரும்ப ஒரே வகையிலோ அமைவதை மருத்துவர்கள் கண்டனர். 1979 இல் லோர்னா விங், ஜூடித் கூல்டு ஆகியோர் சமூக உறவு, தொடர்பாடல், கற்பனை என்னும் மூன்றிலும் ஒருசேரக் காணப்படும் குறைபாட்டை எடுத்துக்காட்டினர். 1992 இல் சைமன் பாரன்-கோகனும் பிறரும் 18 மாதக் குழந்தைகளுக்கென அறிமுகப்படுத்திய பரிசோதனைப் பட்டியலில் பாவனை விளையாட்டும் ஒரு கூறாக இடம்பெற்றது. எனினும் ஒரு குழந்தை பாவனை செய்யவில்லை என்பதை மட்டும் வைத்து எம்முடிவுக்கும் வருதல் கூடாது. ஐயம் எழுந்தால் குழந்தை நல மருத்துவரை அணுகுவதே முறை.

சான்றுகளும் ஐயங்களும்

1968 இல் இசுரேலிய ஆய்வாளர் சாரா சுமிலான்சுகி வெளியிட்ட நூலுக்குப் பின், பாவனை விளையாட்டைப் பயிற்றுவித்தால் குழந்தைகளின் மொழியும் சிந்தனையும் மேம்படும் என்ற நம்பிக்கை பரவியது. வறிய புலம்பெயர் குடும்பங்களின் குழந்தைகளிடம் சமூக நாடக விளையாட்டு குறைவாக இருப்பதாகவும், பெரியவர் வழிகாட்டினால் அது வளர்வதாகவும் அவர் கூறினார். 1970களில் இவ்வகைப் பயிற்சி ஆய்வுகள் பல செய்யப்பட்டன. பெரும்பாலானவை நன்மையே கண்டன.

பிரித்தானிய ஆய்வாளர் பீட்டர் சுமித் அம்முடிவுகளைக் கூர்ந்து நோக்கினார். பயிற்சி பெற்ற குழந்தைகளுக்கு விளையாட்டு மட்டும் கிடைக்கவில்லை, அக்கறையோடு பேசும் ஒரு பெரியவரும் கிடைத்தார். அதே அளவு கவனிப்பை விளையாட்டு அல்லாத வேறு பயிற்சியின் வழி தந்தபோது, வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது. எந்தக் குழந்தை விளையாடியது என்பதை அறியாத ஒருவர் தேர்வு வைத்தபோதும் முன்னர் கண்ட நன்மை காணப்படவில்லை. விளையாட்டு நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்ற முன்முடிவு ஆய்வாளர்களின் கண்ணை மறைத்துவிட்டது என்று சுமித் எழுதினார்.

2013 இல் லில்லார்டும் சுமித் உள்ளிட்ட பிறரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து விரிவான மதிப்பீடு ஒன்றை வெளியிட்டனர். மூன்று வாய்ப்புகளை அவர்கள் முன்வைத்தனர். பாவனை விளையாட்டு வளர்ச்சிக்கு இன்றியமையாததாக இருக்கலாம். வளர்ச்சிக்கான பல வழிகளுள் ஒன்றாக இருக்கலாம். வேறு ஏதோ ஒரு காரணத்தின் உடன்விளைவாகவும் இருக்கலாம். முதலாவதை உறுதிப்படுத்தும் அளவுக்குச் சான்று வலுவாக இல்லை என்பது அவர்களது முடிவு. மொழி வளர்ச்சி, கதை கூறும் திறன் போன்றவற்றில் சான்று ஓரளவு நம்பிக்கை தருவதாகவும், படைப்பாற்றல், அறிவுத்திறன் போன்றவற்றில் மெலிந்ததாகவும் அவர்கள் மதிப்பிட்டனர். இம்மதிப்பீடு விளையாட்டு பயனற்றது என்று கூறவில்லை. குழந்தைகளை இருக்கையில் அமர்த்தி எழுதவைப்பதே சிறந்தது என்று இதிலிருந்து வாதிடுவதற்கு இடமில்லை என்பதை ஆசிரியர்களே அக்கட்டுரையில் வலியுறுத்தியுள்ளனர்.

அதன் பின் வந்த சில ஆய்வுகள் குறுகிய கேள்விகளுக்குத் தெளிவான விடை தேடின. 2017 இல் வெளியான ஓர் ஆய்வில், 4, 6 வயதுடைய 180 குழந்தைகளுக்குச் சலிப்பூட்டும் பணி ஒன்று பத்து நிமிடங்களுக்குத் தரப்பட்டது. வேண்டுமானால் இடையில் கைக்கணினி விளையாட்டுக்குச் செல்லலாம். தம்மைப் பேட்மேன் போன்ற ஒரு கதைமாந்தராகக் கருதிக்கொண்ட குழந்தைகள் மற்றவர்களைவிட நீண்ட நேரம் பணியில் நிலைத்தனர். முன்பே 1988 இல் தியாசு, பால் ஹாரிசு ஆகியோர், 'எல்லா மீன்களும் மரத்தில் வாழ்கின்றன' என்பது போன்ற உண்மைக்கு மாறான கூற்றைப் பாவனையாக எடுத்துக்கொள்ளச் சொன்னால், சிறு குழந்தைகளும் அதிலிருந்து தருக்க முறையில் முடிவு காண்பர் என்று காட்டியிருந்தனர். வைகாட்ஸ்கியின் கருத்துகளை அடிப்படையாகக் கொண்ட 'மனத்தின் கருவிகள்' என்னும் அமெரிக்கப் பாடத்திட்டம் 2007 இல் 147 குழந்தைகளிடம் நல்ல பயனைத் தந்ததாக அடெல் டயமண்டு குழுவினர் அறிவித்தனர். பின்னர் வந்த பெரிய ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை.

பண்பாட்டு வேறுபாடுகள்

தாயும் தந்தையும் குழந்தையோடு அமர்ந்து பாவனை விளையாட்டு ஆடுவது எல்லாச் சமூகங்களிலும் காணப்படும் வழக்கம் அன்று. மெக்சிக்கோவின் யுக்காத்தான் பகுதியில் வாழும் மாயா மக்களிடையே நெடுங்காலம் ஆய்வு செய்த சூசன் காசுக்கின்சு, அங்கே பெற்றோர் குழந்தை விளையாட்டில் கலந்துகொள்வதில்லை என்றும், பாவனை விளையாட்டே குறைவு என்றும் தெரிவித்துள்ளார். அக்குழந்தைகள் பெரியவர்களின் வேலைக்கு நடுவிலேயே இருக்கின்றனர். சிறுவயதிலேயே உண்மை வேலையில் பங்கு பெறுகின்றனர். அவர்கள் வளர்ச்சியில் பின்தங்கிவிடவில்லை. எனவே நடுத்தரவர்க்க அமெரிக்க வீட்டின் கூடத்தில் கண்டதை உலகப் பொதுவிதியாகக் கொள்ளுதல் தவறு.

மரியா மாண்டிசோரியின் நிலைப்பாடும் இங்கு நினைவுகூரத்தக்கது. 1907 இல் உரோமில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய அவர், அங்கே விளையாட்டுப் பொம்மைகள் இருந்தும் குழந்தைகள் உண்மையான வேலைகளையே விரும்பியதாகக் கூறினார். அதனால் பாவனைக்குரிய பொருட்களுக்குத் தம் முறையில் இடம் தரவில்லை. 1939 இல் சென்னை அடையாற்றுக்கு வந்த அவர், இரண்டாம் உலகப் போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அடையாற்றிலும் கொடைக்கானலிலும் அவர் நடத்திய பயிற்சிகள் வழியாகவே இம்முறை இந்தியாவில் வேரூன்றியது. 2018 இல் டாகர்ட்டு, லில்லார்டு முதலியோர் 3 முதல் 6 வயது வரையான 100 அமெரிக்கக் குழந்தைகளிடம், காய்கறி நறுக்குவது போன்ற வேலைகளை உண்மையாகச் செய்ய விருப்பமா, பாவனையாகச் செய்ய விருப்பமா என்று கேட்டனர். பெரும்பாலான குழந்தைகள் உண்மை வேலையையே தேர்ந்தெடுத்தனர். மூன்று வயதுக் குழந்தைக்குச் செப்புச் சாமான் வாங்கித் தந்துவிட்டு அடுக்களைக்குள் வராதே என்று விரட்டும் வழக்கத்தை இதன் பின்னணியில் எண்ணிப்பார்க்கலாம்.

துன்பமும் விளையாட்டும்

குழந்தைகள் இனியவற்றை மட்டும் பாவனை செய்வதில்லை. ஊசி, சாவு, சண்டை, குடித்துவிட்டு வரும் தந்தை என அச்சம் தருபவையும் விளையாட்டில் இடம்பெறும். மெய்யாகவே ஊசி போட்டுக்கொண்டு அழுத குழந்தை, மாலையில் பொம்மைக்கு ஊசி போடும்போது மருத்துவராகிறது. நிகழ்வு இப்போது அதன் கட்டுப்பாட்டில் உள்ளது. விளையாட்டு மருத்துவம் எனப்படும் உளவள முறை இதனை அடிப்படையாகக் கொண்டது. வெர்ஜீனியா ஆக்சுலைன் 1947 இல் வெளியிட்ட நூல் இதில் முன்னோடி ஆகும்.

ஆனால் எல்லா விளையாட்டும் ஆறுதல் தருவதில்லை. 1976 இல் கலிபோர்னியாவின் சவுச்சில்லா என்னும் ஊரில் 26 குழந்தைகள் பள்ளிப் பேருந்தோடு கடத்தப்பட்டுப் பின்னர் தப்பினர். அவர்களை ஆராய்ந்த மனநல மருத்துவர் லெனோர் டெர், நிகழ்ந்ததை மகிழ்ச்சியின்றி ஒரே விதமாக மீண்டும் மீண்டும் ஆடுவதை அவர்களிடம் கண்டார். வழக்கமான விளையாட்டில் கதை மாறிக்கொண்டே இருக்கும், முடிவு இனிதாகலாம். இதில் எதுவும் மாறவில்லை. இவ்வாறு உறைந்துபோன விளையாட்டு காணப்பட்டால் குழந்தைக்கு உதவி தேவைப்படுகிறது என்று கொள்ளலாம்.

பெரியவர்களின் பங்கு

ஐக்கிய நாடுகள் அவையின் 1989 ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31 ஆம் உறுப்பு, விளையாடுவதைக் குழந்தையின் உரிமையாக ஏற்கிறது. இந்தியாவின் 2020 ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரையான காலத்தை அடித்தள நிலை எனப் பிரித்து, விளையாட்டுவழிக் கற்றலை அதற்குரிய முறையாகக் குறிப்பிடுகிறது. ஆயினும் மூன்று வயதில் எழுதத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கும் மழலையர் பள்ளிகளும், அதனையே விரும்பும் பெற்றோரும் குறையவில்லை.

பெரியவர் செய்யத்தக்கது பெரிதும் இடம் தருவதும் நேரம் தருவதுமே. ஒரு கதை உருவாகிப் பங்கு பிரிவதற்கே கால் மணி நேரம் ஆகிவிடும் என்பதால், பத்து நிமிட இடைவேளையில் சமூக நாடக விளையாட்டு முளைப்பது கடினம். அட்டைப்பெட்டி, பழைய துண்டு, மூடி, விதை, மணல் போன்ற உருவம் தீராத பொருட்கள் பல பயன்களுக்கு வளைந்துகொடுக்கும். மிகச் சிறிய குழந்தைகளுக்கோ உண்மைப் பொருளை ஒத்த பொம்மைகளே எளிது. விளையாட்டில் சேருமாறு குழந்தை அழைத்தால், தரப்பட்ட பாத்திரத்தை ஏற்று அதற்குள் நின்று பேசலாம். தேநீர் தந்தால் குடித்துவிட்டுச் சர்க்கரை போதவில்லை என்று கூறுவது கதையை வளர்க்கும். "இது என்ன நிறம், எத்தனை கிண்ணம் இருக்கிறது, எண்ணு பார்ப்போம்" என்று தேர்வு வைக்கத் தொடங்கினால் தேநீர்க் கடை அத்துடன் மூடப்பட்டுவிடும்.